ஹலோ... 108-ஆ? இல்லீங்க, ரூம் நம்பர் 108!

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம் மக்களே. உங்க ஹாஸ்டல்ல ரூமுக்கு ரூம் இன்டர்காம் இருக்கா? அப்படின்னா முதல் மாடி, எட்டாவது ரூமுக்கு எக்ஸ்டென்ஷன் நம்பர் என்ன? அநேகமா 108-னுதான் வெச்சிருப்பாங்க. ரூம் நம்பரையே எக்ஸ்டென்ஷனா கொடுத்துட்டா ஞாபகம் வெச்சுக்க ஈஸியாச்சே!

சரி, இப்போ ராத்திரி ரெண்டு மணி. ரூம்மேட்டுக்கு மூச்சுத் திணறல். பதற்றத்துல சுவர்ல மாட்டியிருக்கிற போனை எடுத்து 108 அடிக்கிறீங்க. யார் எடுப்பாங்க? ஆம்புலன்ஸ்காரங்களா... இல்ல, தூக்கக் கலக்கத்துல 'எவன்டா அது?'னு கத்தப்போற முதல் மாடி சீனியரா?

சிரிப்பு வருதுல்ல? ஆனா, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற அதிகாரம் உங்க கையில இருக்கிற போனுக்கு இல்லை. மாடிப்படிக்குக் கீழே, தூசி படிஞ்ச அலமாரியில, பச்சை லைட்டை மினுக்கிக்கிட்டு ஒரு டப்பா உட்கார்ந்திருக்கும். அதோட பேர் 'வாய்ப்' கேட்வே. வாய்ஸ் ஓவர் இன்டர்நெட் புரோட்டோகால் என்பதன் சுருக்கம். பேர்லயே 'வாய்' இருக்கு பாருங்க! அந்த டப்பாவுக்குள்ள யாரோ ஒருத்தர் எழுதி வெச்ச நாலைந்து வரிகள்தான் உங்க கால் எங்கே போகணும்னு தீர்மானிக்குது.

ஈ.சி.இ. பசங்களுக்கான மேட்டர்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. பி.காம்., பி.ஏ. தமிழ், நர்ஸிங்னு எல்லாரும் வாங்க. கூட்டல், கழித்தல் தெரிஞ்சா போதும்!

லாரி புக்கிங் ஆபீஸ் தெரியுமா?

நம்ம கதைக்கு லொகேஷன் சேந்தமங்கலம். நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை அடிவாரம். முட்டைக்கும் லாரிக்கும் பேர் போன ஏரியா. அங்கே போய் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் வாசல்ல அரை மணி நேரம் நின்னா, கேட்வேயோட மொத்த சிலபஸும் முடிஞ்சிடும்.

லோடு வந்து இறங்குது. புக்கிங் கிளார்க் மூணே மூணு முடிவு எடுப்பார். ஒண்ணு, இது எந்த ஊருக்கு? ரெண்டு, எந்த வண்டியில ஏத்தணும்? மூணு, சீட்டுல அனுப்புறவர், பெறுபவர் முகவரியை எப்படி எழுதணும்? அவ்வளவுதான். லோடுக்குப் பதிலா ஒரு போன் காலை வையுங்க... அதான் கேட்வே! முதல் ரெண்டு முடிவுக்கு 'கால் ரூட்டிங்'னு பேர். மூணாவதுக்கு 'நம்பர் மேனிபுலேஷன்', அதாவது எண்ணை வெட்டி ஒட்டுற வேலை.

லோடு எப்படி பேக் ஆகுது? நாம பேசுற குரலை செகண்டுக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டா எழுதுறாங்க. ஆக, செகண்டுக்கு 64,000 பிட். இதை 20 மில்லி செகண்டுக்கு ஒரு பொட்டலமா கட்டினா, ஒரு பொட்டலத்துல 160 பைட் குரல். செகண்டுக்கு 50 பொட்டலம். 'ஜி.711'ங்கிற முறை இதுதான்.

டப்பாவுக்குப் பின்னாடி ரெண்டு வகை ஓட்டைகள் இருக்கும். எஃப்.எக்ஸ்.எஸ். என்பது சாதா போனைச் சொருகுறதுக்கு. டயல் டோனும் ரிங்கும் அது கொடுக்கும். எஃப்.எக்ஸ்.ஓ. என்பது தெருவிலிருந்து வர்ற லேண்ட்லைனைச் சொருகுறதுக்கு. டயல் டோனை அது வாங்கிக்கும். ஒண்ணு கொடுக்கிற கை, ஒண்ணு வாங்குற கை. வைவாவுல கேட்டா இதையே சொல்லுங்க, மார்க் நிச்சயம்!

சவப்பெட்டிக்காரர் கண்டுபிடிச்ச எக்ஸ்சேஞ்ச்

காலை எந்தப் பக்கம் திருப்பணும்ங்கிற முடிவு முதல்ல மனுஷங்க கையிலதான் இருந்துச்சு. ஆபரேட்டர் அம்மாவிடம் 'இன்னாரோட பேசணும்'னு சொன்னா, அவங்க ஒயரை மாத்திச் சொருகுவாங்க. அமெரிக்காவுல ஆல்மன் ஸ்ட்ரோஜர்னு ஒருத்தர். இறுதிச் சடங்கு ஏற்பாடு பண்றது அவர் தொழில். ஊர் ஆபரேட்டர், போட்டிக் கடைக்காரரோட மனைவி என்றும், சாவு வீட்டுக் கால்கள் எல்லாம் போட்டிக் கடைக்கே போச்சு என்றும் ஒரு கதை சொல்வாங்க. கடுப்பான மனுஷர் 'நடுவுல ஆளே வேண்டாம்'னு தானியங்கி எக்ஸ்சேஞ்சை உருவாக்கிட்டார். பேட்டன்ட் கிடைச்சது 1891-ல். அடுத்த வருஷமே இந்தியானா மாநிலத்துல லா போர்ட்ங்கிற ஊர்ல அது ஓட ஆரம்பிச்சுது.

கதை நிஜமோ, கலப்படமோ... பாயின்ட் ஒண்ணுதான். வழியைத் தீர்மானிக்கிறவங்க கையிலதான் பவர். அன்னிக்கு ஆபரேட்டர் அம்மா. இன்னிக்கு கேட்வேக்கு விதி எழுதுறவர்.

70 கொண்டை ஊசி, நாலு விதி

ஒரு கற்பனைக் கல்லூரி கட்டுவோம் (அட்மிஷன் கேட்டுக் கிளம்பிடாதீங்க!). மெயின் கேம்பஸ் கீழே சேந்தமங்கலத்துல. ஹாஸ்டல் மலை மேலே செம்மேட்டுல. நடுவுல காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸுக்கு வளைவு உண்டு, பொட்டலத்துக்கு ஏது? மேலே ஒரு கேட்வே, கீழே ஒரு கேட்வே வெச்சு, ரெண்டையும் பிராட்பேண்டுல இணைச்சாச்சு. லேண்ட்லைன் இருக்கிறது கீழே மட்டும்.

கொல்லிமலைன்னதும் வல்வில் ஓரி ஞாபகம் வரும். ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்புன்னு ஐந்தைத் துளைச்சதா புறநானூற்றுல வன்பரணர் பாடியிருக்கார். நம்ம கற்பனை ஹாஸ்டல்ல இருந்து கிளம்புற காலும் அப்படித்தான். மேலே இருக்கிற போன், மேல் கேட்வே, பிராட்பேண்ட், கீழ் கேட்வே, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்னு ஐந்தைத் துளைச்சாத்தான் ஊருக்குள்ள போய்ச் சேரும். ஒரு இடத்துல குறி தப்பினாலும் அம்பேல்!

இப்போ விதி எழுதலாம்.

விதி ஒண்ணு: 1-ல் தொடங்குற மூணு இலக்கம் வந்தா, மேலே ஹாஸ்டல் ரூம்.
விதி ரெண்டு: 2-ல் தொடங்குற மூணு இலக்கம் வந்தா, கீழே ஆபீஸ், டிபார்ட்மென்ட்.
விதி மூணு: 0-ல் தொடங்கினா வெளி லைன். முதல் 0-வை வெட்டிட்டு மீதியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடு.
விதி நாலு: 0-வுக்கு அப்புறம் 04286 வந்தா, அது நம்ம நாமக்கல் கோடு. கோடையும் வெட்டிட்டு, மீதி 6 இலக்கத்தை மட்டும் கொடு.

கவனிச்சீங்களா? 004286-னு தொடங்குற எண், மூணாவது விதிக்கும் பொருந்தும், நாலாவதுக்கும் பொருந்தும். எது ஜெயிக்கும்? பல கேட்வேக்கள்ல 'அதிக இலக்கம் பொருந்துற விதிக்கே முன்னுரிமை'. சிலதுல 'மேலிருந்து கீழே படி, முதல்ல பொருந்துறதை எடு'. ரெண்டாவது ரகத்துல நம்ம நாலாவது விதி கடைசி வரைக்கும் வேலையே செய்யாது. அதனால மெஷினோட சுபாவம் தெரியாம விதி எழுதினா, அரியர் கன்ஃபார்ம்.

இன்னொரு ரகசியம். நம்பர் அடிச்சு முடிச்சதும் சில ஆபீஸ் போன்கள்ல நாலைந்து செகண்ட் மயான அமைதி நிலவுமே, ஏன்? 'இன்னும் இலக்கம் வருமா, அவ்வளவுதானா?'னு கேட்வே காத்திருக்குது. எத்தனை இலக்கம்னு விதியிலேயே தெளிவா எழுதிட்டா, கடைசி இலக்கம் விழுந்த அடுத்த நொடி கால் பறந்துடும்.

ஒரு பூஜ்யம் என்ன பண்ணும்?

பூஜ்யம்தானேன்னு அலட்சியம் வேண்டாம். 2021 ஜனவரி 15-ம் தேதி, நாடு முழுக்க ஒரு மாற்றம் வந்துச்சு. லேண்ட்லைன்ல இருந்து எந்த மொபைலைக் கூப்பிட்டாலும் முன்னாடி 0 சேர்க்கணும். அதுக்கு முன்னாடி, அதே வட்டாரத்து மொபைலுக்கு 0 தேவைப்படலை. இந்த ஒரு பூஜ்யத்தால சுமார் 254 கோடி புது எண்களுக்கு இடம் கிடைக்கும்னு தொலைத்தொடர்புத் துறை சொல்லிச்சு.

வீட்டுல இருக்கிறவங்களுக்கு விரல் பழக்கம் மாறினா போதும். ஆனா, கேட்வே வெச்சிருந்த ஆபீஸ், ஆஸ்பத்திரி, காலேஜ்? அங்கெல்லாம் விதியை மாத்தணும். '6, 7, 8, 9-ல் தொடங்குற 10 இலக்கம் வந்தா, முன்னாடி ஒரு 0 ஒட்டு'. ஒரே வரி. அந்த வரி இல்லைன்னா, '0 சேர்த்து டயல் பண்ணுங்க'ன்னு ஒரு பதிவுக் குரல்தான் பதில் சொல்லும்.

இப்போ வில்லங்கத்துக்கு வருவோம். ஒருத்தர் பழக்கதோஷத்துல தானே 0 சேர்த்து அடிக்கிறார். 'எது வந்தாலும் 0 ஒட்டு'னு சோம்பேறித்தனமா எழுதின விதி, இன்னொரு 0-வை ஒட்டுது. ரெண்டு பூஜ்யம்! இந்தியாவுல 00-ன்னா ஐ.எஸ்.டி. 94-ல் தொடங்குற நம்ம ஊர் மொபைல் எண் இப்போ எக்ஸ்சேஞ்சு கண்ணுக்கு இலங்கை, 98-ன்னா ஈரான், 81-ன்னா ஜப்பான். பல சமயம் இலக்கக் கணக்கு பொருந்தாம கால் செத்துடும். ஆனா 65-ல் தொடங்குற எண்ணா இருந்தா? சிங்கப்பூர் கோடு 65, அங்கே எண்ணுக்கு 8 இலக்கம். கச்சிதமாப் பொருந்தும்! நாமக்கல் அண்ணனைக் கூப்பிட்டா சிங்கப்பூர்ல யாரோ 'ஹலோ'ம்பாங்க. மாசக் கடைசியில பில் 'ஹலோ'ம்பும்.

அதனாலதான் நல்ல இன்ஜினீயர்கள் ஒரு பழக்கம் வெச்சிருக்காங்க. உள்ளே வர்ற எண் எந்த ரூபத்துல வந்தாலும், முதல்ல +91 சேர்த்து முழு சர்வதேச வடிவத்துக்கு மாத்திடுவாங்க. அந்த ஒரே வடிவத்தை வெச்சு வழியைத் தீர்மானிப்பாங்க. வெளியே போறப்ப மட்டும், அந்த லைனுக்கு என்ன பிடிக்குமோ அப்படி வெட்டி ஒட்டுவாங்க. ஊர்ல பத்து ஸ்பெல்லிங்கில் எழுதுற பேரை, சர்ட்டிஃபிகேட்ல இருக்கிற மாதிரியே ஒரு தடவை எழுதிக்கிற மாதிரி.

ஒன்பது வயசுக் குழந்தையும் ஒரு 9-ம்

இனி சிரிப்பு கொஞ்சம் நிறுத்தம்.

2013 டிசம்பர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், மார்ஷல் நகரம். ஒரு ஓட்டல் அறையில் கேரி ஹன்ட் என்ற பெண்ணை, அவரைப் பிரிந்து வாழ்ந்த கணவர் கத்தியால் குத்தினார். அவருடைய ஒன்பது வயது மகள், சொல்லிக் கொடுத்திருந்தபடியே 911-ஐ அழைத்தாள். போகவில்லை. மறுபடி அடித்தாள். மொத்தம் நான்கு முறை. அந்த ஓட்டல் போனில் வெளி லைனுக்கு முதலில் ஒரு 9 அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. கேரி இறந்துபோனார்.

அவருடைய தந்தை சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகப் போராடினார். 2018-ல் 'கேரி சட்டம்' கையெழுத்தானது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு அங்கே விற்கப்படும், பொருத்தப்படும் பல லைன் போன் சிஸ்டம் எதுவானாலும், எந்த முன்னெண்ணும் இல்லாமல் 911 நேராகப் போக வேண்டும். ஒரு விதியில் ஒரே ஒரு வரி. அதற்கு ஒரு உயிர் விலை.

இப்போ நம்ம கற்பனை ஹாஸ்டலுக்குத் திரும்புங்க. '1-ல் தொடங்குற மூணு இலக்கம் = ரூம்'னு நாமதானே ஜாலியா எழுதினோம்? தமிழ்நாட்டுல 2008 முதல் ஓடுற 108 ஆம்புலன்ஸ், போலீஸ் 100, தீயணைப்பு 101, எல்லா அவசரத்துக்கும் 112, பெண்கள் உதவிக்கு 181... எல்லாமே 1-ல் தொடங்குற மூணு இலக்கம்தான். அத்தனையும் ரூமுக்குள்ளேயே சுத்தும். குழந்தைகள் உதவி எண் 1098-ம் தப்பாது. 109 அடிச்சதுமே 'ரூம் 109'னு கேட்வே முடிவு பண்ணிடும். கடைசி 8-ஐக் கேட்க ஆளே இருக்காது. சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்கும் அதே கதி, ரூம் 193!

தீர்வு ரொம்ப சிம்பிள். 1-ல் தொடங்குற எக்ஸ்டென்ஷனே வேண்டாம். ரூம் 108-க்கு 3108 கொடுங்க. அவசர எண்கள் முன்னாடி 0 போட்டாலும், போடாட்டாலும் வெளியே போற மாதிரி முதல் விதியா எழுதுங்க. ஆனா, அதோட முடியலை, ரெண்டு விஷயம் பாக்கி.

ஒண்ணு, இடம். மலை மேலே இருந்து கூப்பிட்ட கால், ஏதோ ஒரு சென்னை ஆபீஸ் கேட்வே வழியா வெளியே போனா, எடுக்கிறவங்களுக்கு 044 எண்தான் தெரியும். கூப்பிட்டவர் மூச்சுத் திணறிப் பேச முடியாம இருந்தா? தேடுறது சென்னையில, ஆள் செம்மேட்டுல. அவசரக் கால் மட்டுமாவது பக்கத்து ஊர் லைன்லதான் வெளியேறணும்.

ரெண்டாவது, கரன்ட். பழைய லேண்ட்லைன் போனுக்கு எக்ஸ்சேஞ்சே 48 வோல்ட் கொடுக்கும். ஊரே இருட்டானாலும் டயல் டோன் இருக்கும். கேட்வேயும் மோடமும் வீட்டுக் கரன்டுல ஓடுறவை. மழைக் காலத்து ராத்திரியில கரன்ட் போனா, கூடவே போனும் போகும். ஒரு யு.பி.எஸ்., முடிஞ்சா கேட்வேயைத் தொடாம நேரா ஒரு லேண்ட்லைன் அல்லது சிக்னல் கிடைக்கிற இடத்துல ஒரு மொபைல்... இது ஆடம்பரம் இல்லை.

திரையில தெரியறது நிஜ நம்பரா?

வெட்டி ஒட்டுறது கூப்பிடப்படுற எண்ணை மட்டுமில்லை, கூப்பிடுறவர் எண்ணையும்தான். எக்ஸ்டென்ஷன் 215-ல் இருந்து ஹெச்.ஓ.டி. பேசினா, வெளியில இருக்கிறவருக்கு '215'னு காட்டி என்ன பிரயோஜனம்? கல்லூரியோட பொது எண்ணைக் காட்டணும். இது நேர்மையான மாற்றம். அந்த எண் கல்லூரிக்கே சொந்தம்.

இதே வசதி தப்பான கையில சிக்கினா? வெளிநாட்டுல இருந்து பேசிக்கிட்டே +91-னு தொடங்குற நம்ம ஊர் நம்பரைக் காட்டலாம். 'உங்க பேர்ல போதைப் பார்சல் வந்திருக்கு, டிஜிட்டல் அரெஸ்ட்'னு மிரட்டலாம். 2024 அக்டோபர்ல மத்திய அரசு இப்படிப்பட்ட கால்களைத் தடுக்க ஒரு சிஸ்டத்தை ஆரம்பிச்சுது. அது ஓட ஆரம்பிச்ச 24 மணி நேரத்துல தடுக்கப்பட்ட போலிக் கால்கள் 1.35 கோடின்னு அரசே அறிவிச்சுது. ஒரே நாள்ல!

முதல் வழி அடைஞ்சதும் அடுத்த வழி இருக்கவே இருக்கு: சிம் பாக்ஸ். இன்டர்நெட்ல வர்ற வெளிநாட்டுக் காலை, டஜன் கணக்குல சிம் சொருகின ஒரு கேட்வே வாங்கி, உள்ளூர் மொபைல் காலா மாத்தி வெளியே விடும். அதுக்கு ரூம் வேணும், சிம் வேணும். 'மாசம் இவ்வளவு தர்றோம், உங்க ரூம்ல ஒரு டப்பாவைச் சும்மா வெச்சுக்கோங்க', 'உங்க பேர்ல ஒரு சிம் மட்டும் வாங்கிக் கொடுங்க'ன்னு யாராவது பார்ட் டைம் வேலை ஆசை காட்டினா... எடுங்க ஓட்டம்! தொலைத்தொடர்புச் சட்டம் 2023-ன்படி அடையாள எண்ணைத் திரிச்சா மூணு வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். பாக்கெட் மணிக்கு ஆசைப்பட்டு பாஸ்போர்ட்டையே பறிகொடுக்காதீங்க.

இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. விதி எப்படி எழுதுறாங்கன்னு இப்போ தெரிஞ்சுபோச்சு. திரையில தெரியற நம்பர், யாரோ ஒட்டின லேபிள். பேங்க்னு சொன்னாலும், போலீஸ்னு சொன்னாலும், கட் பண்ணிட்டு நீங்களே அவங்க அதிகாரபூர்வ எண்ணைத் தேடித் திரும்பக் கூப்பிடுங்க. லேபிளை ஒட்டலாம், திரும்பப் போற காலை அவ்வளவு ஈஸியாக் கடத்த முடியாது.

உங்க ஹாஸ்டல்லயே ஒரு எக்ஸ்சேஞ்ச்!

1999-ல் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்துல மார்க் ஸ்பென்சர்னு ஒரு மாணவர். சின்னதா ஒரு லினக்ஸ் சர்வீஸ் கம்பெனி ஆரம்பிச்சார். ஆபீஸுக்கு போன் சிஸ்டம் வேணும். விலையைக் கேட்டா மயக்கமே வந்துடும். 'வாங்க முடியலைன்னா என்ன, எழுதிட்டாப் போச்சு!'னு உட்கார்ந்தார். அதுதான் 'ஆஸ்டரிஸ்க்'. கீபோர்டுல இருக்கிற நட்சத்திரக் குறிதான் பேர். லினக்ஸ்ல அந்தக் குறிக்கு 'எல்லாமே'ன்னு அர்த்தம். இலவசமாக் கொடுத்தார், உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

நீங்களும் செய்யலாம். ஒரு பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸும் ஆஸ்டரிஸ்கும் போடுங்க. ரெண்டு மொபைல்ல 'லின்ஃபோன்' மாதிரி இலவச ஆப் போட்டு, ஒரே வைஃபைல சேருங்க. 3101, 3102-னு ரெண்டு எக்ஸ்டென்ஷன். ஆஸ்டரிஸ்க் பாஷையில 'எக்ஸ்'னா 0 முதல் 9 வரை எதுவும், 'இசட்'னா 1 முதல் 9 வரை, 'என்'னா 2 முதல் 9 வரை. இந்த மூணு எழுத்தை வெச்சே மேலே சொன்ன அத்தனை விதியையும் எழுதிப் பார்த்துடலாம். ஒரே கண்டிஷன்: லேபுக்குள்ள மட்டும். லேண்ட்லைனையோ சிம்மையோ இணைச்சு வெளிக் கால்களைக் கடத்துற வேலை லைசென்ஸ், சட்டம் சம்பந்தப்பட்டது.

மினி புராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலையறவங்களுக்கு இதோ ரெடி. கூடவே ஒரு நல்ல காரியமும் பண்ணலாம். இந்த வாரமே ஹாஸ்டல் ஆபீஸ்ல போய் நாலே கேள்வி கேளுங்க:

* ரூம் போன்ல 108, 112 அடிச்சா நேரா வெளியே போகுமா? (விளையாட்டுக்கு அடிச்சுப் பார்க்காதீங்க, யாரோ ஒருத்தரோட ஆம்புலன்ஸ் லைனை அடைப்பீங்க. விதிப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்க!)
* 1-ல் தொடங்குற எக்ஸ்டென்ஷன் ஏதாவது இருக்கா?
* அவசரக் கால் எந்த ஊர் லைன்ல வெளியே போகுது?
* கரன்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்?

நாலுக்கும் டக்குனு பதில் வந்தா, அந்த டப்பாவுக்கு விதி எழுதின அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்க. வரலைன்னா, விடாம கேளுங்க. எழுதி மாத்த வேண்டியது ஒரே ஒரு வரிதான் பாஸ்!